முக்காட்டு ஓரத்தில் மஞ்சள்

நாடியில் ஒரு முடி. இடப்பக்கம், உதட்டுக்குக் கீழே இரண்டு விரல்கடை தள்ளி. இன்று காலையில்தான் பிடுங்கினேன். வியாழக்கிழமைக்குள் திரும்ப வந்து நிற்கும், கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு. என் வயதுக்காரிகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் இருக்க வேண்டியது கொட்டுகிறது, நாடியில் இருக்கக் கூடாதது முளைக்கிறது. ஆண்டவருக்கே இடம் மறந்துபோய்விட்டதோ என்னவோ.

எனக்கு அலுத்துவிட்டது. நாற்பது வருஷமாக இதைச் செய்கிறேன். பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பல் தேய்க்க யாரும் கதவைச் சாத்துவதில்லை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு இது தெரியாமலே அவரை அடக்கம் பண்ணி அனுப்பினேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே சன்னல் ஓரம் கண்ணாடியைச் சாய்த்துவைத்து, வெளிச்சம் விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து... உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சன்னல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாம் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதான கோடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போன மாதம் வரைக்கும் அது எனக்குத் தெரிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அப்பா கணக்கு வாத்தியார். அம்மா வீட்டோடு. நான் மூத்தவள், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் தங்கியிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். இருபத்தெட்டு வயது. நல்ல உயரம். சர்ச்சை நாங்கள் கோயில் என்போம். கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. சிரிப்பு வந்தால் கைக்குட்டையை மேலுதட்டில் வைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். அதை அடக்கம் என்று ஊரே மெச்சியது.

அடக்கமில்லை என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்தக் கைக்குட்டையை அவள் கையில் கொடுத்தவளே நான்தான். முந்தின வருஷம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது மாப்பிள்ளையின் அக்கா கேட் பக்கத்தில் நின்று தன் தாயாரிடம் சொன்னாள், "பொண்ணு லெட்சணமாத்தான் இருக்கா. மேலுதட்டுலதான் நெழலு விழுது." நான் கொய்யா மரத்தில் இருந்தேன். இறங்கி நேரே சித்தியிடம் ஓடி, "நெழலு விழுதுன்னா என்ன சித்தி?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் கையில் கைக்குட்டை. அவர்களுக்கு இஷ்டமில்லை என்று கடிதம் வந்தபோது அப்பாவும் அம்மாவும் காரணம் புரியாமல் முழித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் முழிக்கவில்லை.

இந்தக் கோடையில் தச்சநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்தது. ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். டீச்சர்கள் கூட்டத்தில் சித்தி அவரை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை மழையில் தன் குடையைக் கொடுத்துவிட்டு அவர் நனைந்துகொண்டே போனாராம். அதை என்னிடம் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பாள். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சேதி வந்த அன்றைக்கு சித்தி என் ரெட்டைச் சடையைப் பின்னிக்கொண்டே, "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிரணும்ட்டி" என்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு டீச்சர் உண்டு. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்துக்காரி. அந்த அம்மாள்தான் வழி சொன்னாள். குப்பைமேனி இலையும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அரைத்து முகத்தில் பூசி, காயவிட்டு, உரசித் தேய்த்து ஆற்றில் கழுவ வேண்டும். நாடியில் இருக்கிற முரட்டு முடியை முதலில் பிடுங்கிவிட வேண்டும். "ஆறு வாரம் பண்ணிப் பாருங்கோ. எங்க தெருவுல எத்தனை பேருக்கு ஆகியிருக்கு தெரியுமோ" என்று அவள் சத்தியம் பண்ணாத குறை.

நம்மில் பாதிப் பேர் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் குழம்புக்கு மட்டும்தான். பழைய மிஷன் குடும்பம். பொட்டு இல்லை, முகத்தில் மஞ்சள் இல்லை. பஸ்ஸில் ஏறினால் எங்கள் முகத்தைப் பார்த்தே கோயில் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவார்கள். ஒருத்தி முகத்தில் மஞ்சளைப் பூசினால் அவள் வேதத்தை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது.

ஆகவே வீட்டில் பூச முடியாது. பக்கத்து ஆற்றுத்துறையான குறுக்குத்துறையில் பூசினால் ஒரு மணி நேரத்தில் பாளையங்கோட்டைக்குச் சேதி வந்துவிடும். கல்லிடைக்குறிச்சி தூரம், அப்பளத்துக்குப் பேர்போன ஊரும்கூட. சித்தி அம்மாவிடம், "நல்ல அப்பளம் வாங்கிட்டு வாரேன், மூத்தவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் ரயில் ஏறினாள். கல்யாணமாகாத பெண் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக நான். கண்ணாடி பிடிக்கவும் முடி பிடுங்கவும் ஆள் வேண்டுமென்பதற்காகவும் நான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் கேட்டாள். சத்தியம் பண்ணக் கூடாதென்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அதனால் கை மட்டும் கொடுத்தேன்.

ஆற்றுப் படிக்கட்டில் கீழிருந்து மூன்றாவது படி எங்கள் இடம். பாட்டு டீச்சர் அரைத்த விழுதைக் கிண்ணத்தில் இலை மூடிக் கொண்டுவருவாள். குப்பைமேனி என்றால் பூனைக்குப் பைத்தியம். அக்கிரகாரத்துப் பூனை ஒன்று வாராவாரம் பின்னாலேயே வந்து கிண்ணத்தைச் சுற்றி உருளும். சித்தி தலையை மேல்படியில் சாய்த்துக்கொள்வாள். என் கையில் முள்வாங்கி, கால் முள் எடுக்கிற சின்ன இரும்புச் சாமான். அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து சித்தி எடுத்து வந்தது. ஆற்று வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும்.

"வலிக்கா சித்தி?"

"இல்லட்டி. நீ பைய எடு. அங்கன ஒண்ணு விட்டுட்ட பாரு."

அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் போகும். முதல் வாரம் பதினொரு முடி எடுத்தேன். எனக்கு அதில் பெருமை. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு முக்கியமான வேலை தந்ததில்லை.

பிறகு மஞ்சள். பூசிக் காயும்வரை சித்தி பேசக் கூடாது, பேசினால் விழுது வெடித்துவிடும். காய்ந்ததும் உரசி உதிர்ப்பாள், பயத்தமாவு போட்டுத் தேய்ப்பாள், நான் காதுமடல் முதற்கொண்டு சோதனை போடுவேன். மஞ்சள் துளி இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் ரயிலடிக்கு நடப்போம். வாராவாரம் ஒரு கட்டு அப்பளம். வீட்டில் காலையில் அப்பளம், மத்தியானம் அப்பளம். "இனி இந்த அப்பளத்த வச்சு மாடியில ஒரு ரூம்பு போட்டுரலாம்" என்றார் அப்பா.

அம்மாதான் அந்தக் கோடையில் சிரிக்கவில்லை. பல்வலி என்று முந்தானையை நாடியில் பொத்திக்கொண்டே நடமாடினாள். மிஷின் டிராயரை வெளியே இழுத்து, பாபின், பொத்தான், ஊசிப் பொட்டலம் எல்லாவற்றையும் தரையில் கொட்டித் துழாவிக்கொண்டிருந்ததை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். "என்னத்தம்மா தேடுதீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, போ" என்பாள். ஒரு பல்வலிக்காரிக்கு மிஷின் டிராயரில் என்ன வேலை என்று கேட்கிற வயதில்லை எனக்கு.

நான்காவது வாரம் சித்தியின் மேலுதடு தெளிந்துபோயிருந்தது. மருந்தின் வேலையோ என் கண்ணின் ஆசையோ தெரியாது. ஆறாவது சனிக்கிழமை மஞ்சள் முகத்தோடு சித்தி உட்கார்ந்திருக்க, மேல்படியில் பாட்டு டீச்சரின் தம்பி எங்களுக்குத் துண்டு கொண்டுவந்து நின்றான். அந்த நேரம் பார்த்து எங்கள் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர், நெல் வியாபாரி அண்ணாச்சி, கால் கழுவ ஆற்றுக்கு இறங்கினார். எங்களைப் பார்த்தார். அந்தப் பையனைப் பார்த்தார். கால் கழுவாமலே திரும்பிப் போனார்.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் திருவிருந்து ஆராதனை. எல்லாரும் வெள்ளைச் சேலை. மே மாதப் பாளையங்கோட்டை வெயிலில் கோயிலுக்குள் விசிறியும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும், மறக்க முடியாது. சித்தி முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போய் முழங்காலிட்டாள். திரும்பி வரும்போது பார்த்தேன். நெற்றிக்கு மேல் முக்காட்டு ஓரம் முழுக்க ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். முந்தின நாள் படிக்கட்டில் நான் காது பார்த்தேன், கழுத்து பார்த்தேன். முடியின் அடியில் ஒளிந்திருந்த மஞ்சளைப் பார்க்கவில்லை. வேர்வை அதை இறக்கிவிட்டது. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். சித்தி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் காப்பி நேரத்துக்குக் கோயில் ஐயர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். கூடவே நெல் வியாபாரி அண்ணாச்சி. முன்னறையில் அப்பா, அம்மா, சித்தி. நான் கதவோரம்.

"ஆத்துல வச்சு அண்ணாச்சி பாத்திருக்காவ. கோயில்ல எல்லாரும் பாத்துட்டாவ" என்றார் ஐயர். அவர் கோபக்காரர் இல்லை, தன்மையாகத்தான் கேட்டார். "மஞ்சள் எதுக்கும்மா?"

"அந்தப் பையன் பாட்டு டீச்சருக்குத் தம்பியாம்லா" என்றார் அண்ணாச்சி. "ஆறு வாரமா அங்கனதான் போக்குவரத்து. அப்பளம் வாங்க ஆறு வாரமா வேணும்?"

அப்பா முகம் கறுத்துவிட்டது. "அப்படித்தானா? தச்சநல்லூர்க்காரங்க வர ஆறு நாளுதான் இருக்கு. என்ன இருக்குன்னு சொல்லிரு."

ஒரு வார்த்தை போதும். முடிக்காகப் பூசினேன் என்று ஒரு வார்த்தை. சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை நாடியிலிருந்து எடுத்திருந்தாள். நான் கையைக் கொடுத்திருந்தேன்தான், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சித்திக்கு..." என்று வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றாள் அம்மா.

போனேன். பானைத் தண்ணீரைக் கோரி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணாச்சி சொன்னதை மறுக்காமல் சித்தி தலைகுனிந்திருந்தாள். ஐயர் ஜெபம் பண்ண எழுந்துவிட்டார். செம்புத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை.

தச்சநல்லூருக்கு அப்பாவே போய், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது சித்திக்கு ராதாபுரம் பக்கம் ஒரு பனங்காட்டு ஊருக்கு மாற்றல். தகரப் பெட்டி, ஒரு படுக்கை, குடை. அது சயின்ஸ் வாத்தியாரின் குடையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கைக்குட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊரிலேயே வேலை பார்த்து, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டையராகி, அங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்தப் பாட்டு டீச்சர் தம்பி மேல்தான் கடைசிவரை நினைப்பு என்று எங்கள் சொந்தத்தில் இன்னும் சொல்வார்கள். அந்தப் பையனுக்கு அப்போது பதினேழு வயதுகூட இருக்காது.

அம்மா இறந்தபோது சித்தி வந்திருந்தாள். மேலுதட்டிலும் நாடியிலும் நரைத்த முடி பளிச்சென்று தெரிந்தது. கைக்குட்டை இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று பாடினாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எனக்கு அவளுக்காக வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும், வெட்கப்பட்டேன்.

போன மாதம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. காற்றில் பனையோலை சலசலத்துக்கொண்டே இருக்கிற ஊர். சாப்பிட்டுவிட்டு வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பழக்கதோஷம், கைப்பையிலிருந்து என் ட்வீசரை எடுத்து, "கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க சித்தி, நான் எடுத்துவிடுதேன்" என்றேன்.

"எனக்கு எதுக்குட்டி? இங்கன வந்த முதல் வருஷமே விட்டுட்டேன். மீசை டீச்சர்னாங்க பிள்ளைங்க. ரெண்டு வருஷத்துல அதுக்கும் அலுத்துப்போச்சு." கையை நீட்டி என் நாடியைத் தடவினாள். விரல் அந்த இடத்தில் நின்றது. "ஒனக்கும் இங்கனதான். ஒங்கம்மாவுக்கும் சரியா இங்கனதான்."

"அம்மாவுக்கா?"

"ஒனக்குத் தெரியாதாட்டி?" சித்தி என்னை உற்றுப் பார்த்தாள். "மிஷின் டிராயர்ல முள்ளுவாங்கி எதுக்குக் கெடந்துச்சு? பாளையங்கோட்டைத் தெருவுல ஒங்கம்மா கால்ல எந்த முள்ளு குத்துச்சு? முள்ளெடுக்கதுன்னு நெனச்சுத்தான் நானும் தூக்கிட்டுப் போனேன். அவளுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு ஊசி வேணும்னாலும் உங்கப்பாதான கடைக்குப் போகணும், என்னன்னு சொல்லி வாங்குவா?"

பல்வலி, முந்தானை, தரையில் கொட்டிக் கிடந்த பொத்தான்கள்.

"ஐயர் வந்த அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். சொல்லிரலாம்னுதான் அவளப் பாத்தேன். முந்தானைய எடுத்துட்டா. நாடியில நாலஞ்சு முடி, வெயில்ல மின்னுச்சு. ஆறு வாரமா பிடுங்க வழியில்லாமப் பண்ணினவ நானு. அத எனக்குக் காட்டிட்டு, வேண்டாம்னு தலைய ஆட்டினா. பொறவு ஒன்னைத் தண்ணிக்கு அனுப்பினா."

"ஏன் சித்தி?"

"மூணு பொம்பளப் பிள்ள வச்சிருந்தாள்லா. ஒருத்தி வேதம் மாறப் பாத்தான்னா அது அவளோட போச்சு, நாலு வருஷத்துல மறந்துருவாவ. முடின்னு தெரிஞ்சா? அக்காளுக்கும் உண்டு, தங்கச்சிக்கும் உண்டு, அந்த வீட்டு ரத்தமே அப்படின்னுருவாவ. ஒங்க மூணு பேரையும் யாரு கெட்டுவா?"

"அதுக்கு நீங்களா?"

"கேட்டது அக்காள்லா. ரெண்டுல ஒண்ணு போகணும். நான் போயிட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அடியில் ஒரு கைக்குட்டை, அதில் முடிந்த முள்வாங்கி. "ஒங்கம்மாட்ட திருப்பிக் குடுக்கணும்னு ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டு வருவேன். எப்படிக் குடுக்க? குடுத்தா அதப் பத்திப் பேசணும்லா." என் கையில் வைத்து மூடினாள்.

கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் முனை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. இன்று காலை சன்னல் ஓரத்தில் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். முப்பத்து நான்கு வயது. பத்து நாளாக அவளும் குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் வருவதில்லை. வெளியே வரும்போது மேலுதடு சிவந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? இந்த வீட்டில் இன்னுமொரு ஆறு வாரம் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். அவளைக் கூப்பிட்டு இந்த முள்வாங்கியைக் கையில் கொடுத்து, நீ எனக்கு எடு, நான் உனக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்துவைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

வந்து வாசலில் நின்றாள். "என்னம்மா?"

முள்வாங்கி என் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஒரு செம்பு தண்ணி கொண்டா."